பசி இல்லாத நாட்கள்

ஜூன் 9, ஞாயிறு

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது போல. பாளையங்கோட்டை வரைக்கும் காற்று குளிர்ச்சியாக வீசுகிறது.

இது ஜனவரியில் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் கொடுத்த டைரி. ஒரு வரிகூட எழுதாமல் கிடந்தது. ஆஸ்பத்திரி வார்டில் வந்து பேசிய மனநலக் கவுன்சிலர் அம்மா, “தினமும் ஏதாவது எழுதுங்க சார், மனசு லேசாகும்” என்றார். எழுதுகிறேன். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, இரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறது. ஞானதுரை, உடற்கல்வி ஆசிரியர், வயது 52, ஓ பாசிட்டிவ். நோயைப் பற்றிக் கேட்கவில்லை. நானே எழுதிவிடுகிறேன். மலக்குடலில் புற்றுநோய். பிப்ரவரியில் தெரிந்தது. கதிர்வீச்சு முடிந்து மே கடைசியில் ஆபரேஷன். கட்டியோடு சேர்த்து அந்த வழியையே எடுத்துத் தைத்துவிட்டார்கள். இனிமேல் வயிற்றின் இடப்பக்கம் ஒரு திறப்பு, அதன்மேல் ஒட்டிய ஒரு பை. வாழ்நாள் முழுவதும் அப்படித்தான்.

இதைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

இருபத்தாறு வருடமாகப் பையன்களைத் தோற்ற மறுநாளே மைதானத்துக்கு வரவைத்தவன் நான். என்னாலும் முடியும்.

ஜூன் 12, புதன்

பியூலாதான் பையை மாற்றினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் பக்கத்தில் நின்று கவனமாகக் கேட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து புதியதை ஒட்டினாள்.

“வலிக்கா?”

“இல்ல.”

நான் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். முடிந்ததும் ஜன்னலை முழுவதும் திறந்துவைத்தாள். “கொஞ்சம் காத்து வரட்டும்” என்றாள்.

இருபத்தைந்து வருடத் திருமண வாழ்க்கையில் அவள் அந்த ஜன்னலைத் திறந்து நான் பார்த்ததில்லை. கொசு வரும் என்பாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பள்ளியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். தமிழாசிரியர் சங்கரவேல்தான் அதிகம் பேசினார். “பி.டி. சாருக்கு மனதைரியம் சாஸ்தி. பாசிட்டிவா இருந்தா பாதி நோய் ஓடிப்போயிரும்” என்றார். நான் இரண்டு மூன்று ஜோக் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். நடுவில் பையிலிருந்து சத்தம் வந்தது. அதை நான் அடக்க முடியாது. அங்கே அடக்கும் தசையே கிடையாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். எல்லோரும் கொஞ்ச நேரம் செய்தி பார்த்தார்கள்.

போகும்போது சங்கரவேல் என் கையைப் பிடித்து, “இப்படியே இருங்க சார்” என்றார்.

ஜூன் 20, வியாழன்

பசி இல்லை. காலையில் கால் தம்ளர் கஞ்சி. நாள் முழுவதும் நிம்மதியாக இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

மொட்டைமாடியில் நடந்தேன். பியூலா உளுந்தங்கஞ்சி வைத்திருந்தாள், கருப்பட்டி போட்டு. பசி இல்லை என்றேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 3, புதன்

கீமோ தொடங்கிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, இடையில் மாத்திரை. காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். வரிசையாக நாற்காலிகள். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தூங்கிக்கொண்டே இருந்தார்.

இந்த மருந்துக்குக் குளிர்ச்சி ஆகாதாம். வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் கை கழுவியதும் விரல் நுனியில் சுருக்கென்று ஊசி ஏறியது. தொண்டையும் அப்படித்தான். பியூலா எல்லாவற்றையும் வெந்நீராக்கிவிட்டாள்.

“நீ சாப்ட்டியா?” என்று கேட்டேன். காலையிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அப்பவே ஆச்சு. கேன்டீன்ல” என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

மகள் பிரிசி கோயம்புத்தூரிலிருந்து வீடியோ காலில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு ஆபீஸ் லீவு. நான் ஸ்கூல் டி-ஷர்ட் போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, கன்னம் ஒட்டுன மாதிரி இருக்கே?”

“ஷேவ் பண்ணிருக்கேம்மா, அதான்.”

“நான் லீவு போட்டுட்டு வரவா?”

“எதுக்கு? அப்பா இங்க ஜம்முனு இருக்கேன். நீ வேலையப் பாரு.”

அவள் சிரித்தாள். பியூலா கேமராவுக்குள் வரவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள்.

ஜூலை 24, புதன்

இன்று ஊசி போடவில்லை. எடை மிகவும் குறைந்துவிட்டது, இரத்தத்தில் சத்தும் இல்லை, இந்த நிலையில் மருந்தை உடம்பு தாங்காது என்றார் டாக்டர்.

“சாப்பாடு எப்படி எடுக்கிறீங்க?”

“நல்லா சாப்பிடுதேன் டாக்டர்.”

“வாந்தி?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் இப்படி இறங்குது?” என்று காகிதங்களைப் புரட்டினார். பியூலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் நோய்க்குத்தான் லாபம் என்று சொல்லி அனுப்பினார். வரும் வழியெல்லாம் மனதைத் தளரவிடாமல் இருந்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பியூலா சொதி வைத்தாள். தேங்காய்ப்பால் எடுத்து, முருங்கைக்காய் போட்டு, இஞ்சித் துவையலோடு. எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குத்தான் சொதி. இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். வயிறு நிறைந்துவிட்டது என்றேன். என் தட்டை வாங்கிக்கொள்வதற்கு அவள் தன் தட்டோடு எழுந்து நின்றாள். அவள் தட்டு சுத்தமாக இருந்தது. பிறகு சாப்பிடுவாளாயிருக்கும்.

அவளுடைய ரவிக்கை தோளில் தொளதொளவென்று இருந்தது. பின் குத்தியிருந்தாள். தையல்காரன் அளவை மாற்றி எடுத்துவிட்டான் என்றாள்.

ஆகஸ்ட் 7, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் பாத்திரம் விழுந்தது. “என்னதுளா?” என்று கேட்டேன். பதில் இல்லை. போய்ப் பார்த்தால் பியூலா தரையில் சாய்ந்து கிடக்கிறாள். கண் செருகியிருக்கிறது. எனக்கு அவளைத் தூக்கப் பலம் இல்லை. எத்தனையோ பையன்களை மைதானத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் காந்திமதி அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வந்து தலையை மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். பியூலாவுக்கு நினைவு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

“ஆஸ்பத்திரி எதுக்கு சார்?” என்றார் அக்கா. “இவளுக்குச் சோறுதான் வேணும். ரெண்டு மாசமா இந்தப் பிள்ள சரியா சாப்பிடுததே இல்ல. தெனமும் சமைக்கா. தெனமும் தூக்குச்சட்டியில கொண்டாந்து எங்கிட்ட குடுத்துட்டு, மிஞ்சிட்டு அக்கா, மிஞ்சிட்டு அக்காங்கா. வீட்ல ரெண்டே பேரு, இம்புட்டு எப்படி மிஞ்சும்?”

பியூலா, “சும்மா இருங்கக்கா” என்று முனகினாள். அக்கா இருக்கவில்லை. ரசமும் சோறும் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார்.

நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் தரையில் உட்கார்ந்தால் எழுவது கஷ்டம். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

“ஏன் சாப்பிடல?”

“நீங்க பட்டினி கெடக்கையில எனக்கு எறங்குமா?”

“நான் எங்க பட்டினி கெடந்தேன்? பசிக்கல, அவ்வளவுதான்.”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படிக் கோபமாகப் பார்த்ததில்லை.

“பைய மாத்துதவ நான்தான. உள்ள ஒண்ணும் இல்லன்னா எனக்குத் தெரியாதா? டாக்டர்கிட்ட நல்லா சாப்பிடுதேன்னு சொல்லுதிய. பிரிசிகிட்ட ஜம்முனு இருக்கேன்னு சொல்லுதிய. வாரவுகளுக்கெல்லாம் ஜோக் சொல்லுதிய. ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குதிய. என்னத்துக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா?”

நான் தரையில் கிடந்த பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தேன்.

“நான் கழுவக் கூடாது. அதுக்குத்தான.”

“உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்” என்றேன்.

“கஷ்டம்னு நான் சொன்னேனா?”

“ஜன்னலத் தெறந்து வைக்கியே.”

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அழுதாள்.

“நாத்தம் அடிச்சா ஜன்னலத் தெறப்பாக. பிரிசி கைக்கொழந்தையா இருக்கையிலயும் தெறந்தேன். உங்க அம்மா படுக்கையில கெடக்கையிலயும் தெறந்தேன். நாத்தமே இல்லன்னு உங்ககிட்ட நடிக்கணுமா? நாத்தம் அடிச்சா நீங்க வேண்டாம்னு ஆயிருமா?”

அக்கா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சமையலறைத் தரையிலேயே இருவரும் சாப்பிட்டோம். நான் முழுத் தட்டும் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல். எனக்கு அவ்வளவு பசி இருந்திருக்கிறது. இரண்டு மாதமாகப் பசித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். டைரியில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் பை சத்தம் போட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அவள் மீண்டும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று பையை நானே மாற்றினேன். பியூலா கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்லச் செய்தேன். திறப்பை இப்போதுதான் முதல்முறையாக நேராகப் பார்க்கிறேன். சிவப்பாக, ஈரமாக, உதட்டுச் சதை மாதிரி இருக்கிறது. நான் பயந்த அளவுக்கு இல்லை. ஒரு பக்கம் கோணலாக ஒட்டிவிட்டேன். “பரவால்ல, கொள்ளாம்” என்றாள்.

ஆகஸ்ட் 21, புதன்

டாக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் போனோம். எடை ஏறியிருக்கிறது. ஊசி போட்டார்கள். பியூலாவையும் அந்த எடை மிஷினில் ஏறச் சொன்னேன். நர்ஸ் சிரித்தார். பியூலா செருப்போடு ஏறினாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மூன்று நாளாக வாந்தி. எழுத முடியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் கோயிலுக்குப் போனேன். பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தோம். எல்லோரும் கண்மூடி மௌனமாக ஜெபித்த நேரத்தில் பை நீளமாகச் சத்தம் போட்டது. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பிக்கொண்டார். ஆராதனை நிற்கவில்லை. போதகர் ஐயர் அடுத்த பாட்டை அறிவித்தார்.

பியூலா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள்.

அக்டோபர் 3, வியாழன்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. டாக்டர் அனுமதித்துவிட்டார், நானும் போனேன். மைதானத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எட்டாம் வகுப்புக்கு டிரில் நடத்தினேன். விசில் ஊத மூச்சு போதவில்லை, கை தட்டிச் சமாளித்தேன். மதியம் ஆசிரியர் அறையில் எல்லோரோடும் சாப்பிட்டேன். சங்கரவேலிடம் பை இருப்பதைச் சொன்னேன். இது எங்கே, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். “இவ்வளவு நாள் தெரியாம என்னென்னமோ பேசிட்டேன் சார்” என்றார். “நல்லதுதான பேசுனீங்க” என்றேன். தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு மீனை என் சோற்றில் வைத்தார்.

அக்டோபர் 23, புதன்

ஸ்கேன் முடிவு வந்தது. ஈரலில் புள்ளிகள் இருக்கின்றன. மூன்று. பிப்ரவரியில் அவை இல்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மருந்தை மாற்ற வேண்டும் என்றார். நான் கேட்டேன்: “இது முழுசா போயிருமா டாக்டர்?”

அவர் நாற்காலியை இழுத்து எங்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். “முழுசா போகும்னு என்னால சொல்ல முடியாது சார். கட்டுப்படுத்தி வைக்கப் பார்க்கலாம். சிலருக்கு மருந்து நல்லா பிடிக்கும், வருஷக்கணக்கா போகும். சிலருக்குப் பிடிக்காது. உங்களுக்கு எப்படின்னு ரெண்டு மூணு ஊசிக்கு அப்புறம்தான் தெரியும்.”

ஜூலையில் நான் சிகிச்சையைத் தள்ளிப்போட வைத்ததுதான் காரணமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, அப்போதே கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்றார். நல்ல மனிதர். அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும்.

ஆட்டோவில் வரும்போது பியூலா என் தோளில் சாய்ந்து அழுதாள். ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நானும் அழுதேன். வண்ணார்பேட்டை வளைவில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

இரவு பிரிசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல், பை, நான் பட்டினி கிடந்தது, அவள் அம்மா மயங்கி விழுந்தது, எல்லாவற்றையும். கோபப்பட்டாள். “என்னையும் ஒரு விருந்தாளி மாதிரிதான வச்சிருந்தீங்க” என்றாள்.

நவம்பர் 6, புதன்

புதிய மருந்து, முதல் ஊசி. இது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முடி கொட்டலாம் என்றார்கள். கொட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

நான்கு நாளாக விடாத மழை. பியூலாவுக்குக் காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வலி, எழுந்து நடக்க முடியவில்லை. டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. காந்திமதி அக்கா கஞ்சி கொண்டுவந்து தருகிறார். பிரிசி லீவு போட்டுவிட்டு இரவு பஸ் பிடித்துக் காலையில் வந்துவிட்டாள். வந்ததும் அவள் அம்மாவை வெந்நீரில் துடைத்துவிட்டு, வீட்டைக் கூட்டி, எனக்கு ஆம்லெட் போட்டுத் தந்தாள்.

புதன்கிழமை அடுத்த ஊசி.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் பை ஓரத்தில் பிரிந்துவிட்டது. சட்டை, வேட்டி, படுக்கை எல்லாம் நனைந்துவிட்டது. புதன்கிழமை போட்ட ஊசியில் உடம்பே துவண்டு கிடந்தது. பழைய மருந்தில் வந்த விரல் மரமரப்பும் இன்னும் போகவில்லை. பையின் பின்தாளை உரிக்க முடியவில்லை. இரண்டு பைகளை வீணாக்கினேன். பியூலா பக்கத்து அறையிலிருந்து, “என்னங்க, நான் வரட்டா?” என்று கேட்டுக்கொண்டே எழ முயல்கிற சத்தம் கேட்டது.

பிரிசி கதவைத் தட்டினாள். “அப்பா, உள்ள வரேன்.”

“வேண்டாம்மா. நீ போ.”

“வரேன்பா.”

வந்துவிட்டாள். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். மனைவி பார்க்கலாம். மகள் எப்படி? இருபத்து நான்கு வயதுப் பெண். அவள் தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள், பக்கெட்டில் வெந்நீர் கொண்டுவந்தாள். “எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். முதலில் பழையதை மேலிருந்து கீழாக மெதுவாக உரிக்க வேண்டும். சோப்பு கூடாது. சுற்றியுள்ள தோலை ஒற்றித்தான் எடுக்க வேண்டும். அவள் கை ஒருமுறை நின்றது. பிறகு வேலையைத் தொடர்ந்தது. அவள் மூக்கைச் சுளிக்கத்தான் செய்தாள். “ஃபேன் போடட்டா?” என்று கேட்டாள். “போடு” என்றேன்.

தோல் காயும்வரை காத்திருக்க வேண்டும். கையில் புதிய பையை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை.

“அப்பா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“இப்பச் சொல்லலாமான்னு தெரியல.”

“நான் எந்திரிச்சு எங்கயும் போக முடியாது. இப்பவே சொல்லிரு.”

சிரித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், பையின் தாளை நகத்தால் கீறியபடி சொன்னாள். “எங்க ஆபீஸ்ல ஆல்வின்னு ஒருத்தங்க இருக்காங்க. கோத்தகிரிக்காரங்க. எனக்கு அவங்களப் பிடிச்சிருக்கு. ஒரு வருஷமாச்சு. பிப்ரவரியில உங்களுக்கு இப்படி ஆனதும் சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன்.”

“அவங்க வீட்ல?”

“தெரியும். உங்கள வந்து பாக்கணுங்காங்க.”

“என்னப் பத்தித் தெரியுமா? இந்த நோயி, இந்தப் பை?”

“எல்லாம் தெரியும்ப்பா. ஊசி போடுத அன்னைக்கெல்லாம் எங்கிட்ட கேப்பாங்க.”

நான் கூரையைப் பார்த்தேன். என் மகள் என் பக்கத்தில் ஒரு பையைக் கையில் பிடித்துக்கொண்டு கல்யாணப் பேச்சுப் பேசுகிறாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

“வரச் சொல்லு” என்றேன்.

“அவசரம் இல்லப்பா. நீங்க மொதல்ல தேறி வாங்க. லெந்து நோன்பு நாள்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க, ஈஸ்டர் எல்லாம் முடியட்டும். மே மாசம்…”

“மே வேண்டாம்” என்றேன். “லெந்துக்கு முன்னாடி, பிப்ரவரியிலயே வச்சிருவோம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கண்ணீர் அவள் மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு கையிலும் வேலை இருந்ததால் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“சரிப்பா” என்றாள். பிறகு குனிந்து பையை ஒட்டினாள். சூடு பட்டால்தான் பசை பிடிக்கும். அதனால் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 24, ஞாயிறு

பியூலாவுக்குக் காய்ச்சல் விட்டது. பிரிசியே அவளிடம் சொல்லிவிட்டாள். முதலில் “கோத்தகிரியா, அம்புட்டுத் தூரமா?” என்றாள். அப்புறம் போட்டோவைக் கேட்டாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “பிப்ரவரின்னா மூணு மாசங்கூட முழுசா இல்லையே” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. யார் யாருக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று படுத்தபடியே பிரிசியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த ஊசி டிசம்பர் நான்கு. அதுவரை உடம்பு கொஞ்சம் தெளிவாக இருக்கும். மழை நின்றால் நாளைக் காலையில் மண்டபம் பார்க்கப் போகிறோம்.